இருவரும் ஒரு நாயும்: எருத்தேன்பதியில் ஓய்வுக்கால அன்றாடம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். தோப்பு வீட்டில் நீங்கள் இருவர் மட்டும். ஒரு நாய் வளர்க்கலாம் என்று எண்ணியிருப்பீர்கள்; அல்லது பிள்ளைகள் விட்டுப் போன நாய் ஏற்கெனவே உங்கள் திண்ணையில் படுத்திருக்கும். எருத்தேன்பதி, வண்ணாமடை, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு எல்லையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதியிருக்கிறேன். எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரு விதி. நாய்க்கான எந்த வேலையும் உங்களில் ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக் கூடாது. சோறு வைப்பது, கயிறு மாட்டுவது, மருந்து கொடுப்பது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எல்லாவற்றையும் இருவரும் பழக வேண்டும். அறுபதுக்கு மேல் கண் அறுவை, முட்டி வலி, திடீர்க் காய்ச்சல் என்று யாராவது ஒருவர் படுக்கும் நாள் வரத்தான் செய்யும். அன்று நாய் பட்டினி கிடக்கக் கூடாது. அதைப் பிடிக்கப் போய் மற்றவர் விழவும் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்த விதியை நினைவில் வைத்தே படியுங்கள்.

## எந்த நாய்?

1. வயதைக் கணக்குப் போடுங்கள். நல்ல பராமரிப்பில் நாட்டு நாய் பன்னிரண்டு, பதினான்கு வருடம் வாழும். உங்களுக்கு இப்போது 65 வயது என்றால், இன்று வாங்கும் குட்டி முதுமை அடையும்போது நீங்கள் எண்பதை நெருங்கியிருப்பீர்கள். மூன்று முதல் ஆறு வயதான நாயை எடுத்து வளர்ப்பது இருவருக்கும் எளிது. அதன் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். குட்டியைப் போல் செருப்பைக் கடித்துக்கொண்டு காலுக்குள் ஓடி உங்களைத் தடுக்கி விழவைக்காது.

2. எடையைப் பாருங்கள். உங்கள் இருவரில் பலம் குறைந்தவர் இழுத்து நிறுத்தக் கூடிய எடைதான் சரியான எடை. 12 முதல் 18 கிலோ உள்ள நாட்டு நாய் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

3. இனத்தின் பெருமைக்கு மயங்காதீர்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. சிப்பிப்பாறையும் கன்னியும் நம் மண்ணின் வேட்டை நாய்கள். ஆனால் வேட்டை நாய்க்கு ஓட இடமும் ஓட்ட ஆளும் வேண்டும். முயலையோ மயிலையோ கண்டால் அது பாயும் வேகத்தை எழுபது வயதுக் கை தாங்காது. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடும் உண்டு. எடுப்பதற்கு முன் அதன் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள்.

4. பனிநாட்டு நாய், சப்பை மூக்கு நாய் இரண்டும் வேண்டாம். ஹஸ்கியும் பக்கும் இந்த வெயிலில் துன்பப்படும்.

5. கருத்தடை செய்யுங்கள். ஆண் நாய் ஊர் சுற்றிச் சண்டை போடுவது குறையும். பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து நீங்கும். வருடம் இருமுறை குட்டிகளுக்கு வீடு தேடி அலைய வேண்டியதும் இல்லை.

## முதல் மாதம்: ஊசியும் லைசென்சும்

எல்லாவற்றுக்கும் முன் முடிக்க வேண்டியது இது. 2022இல் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி, அண்டை வீட்டில் வளர்த்த நாய் கடித்து, தடுப்பூசிகள் போட்டுக்கொண்ட பிறகும் வெறிநோயால் இறந்துபோனார். தெரு நாயை மட்டும் பழித்துக்கொண்டு வீட்டு நாய்க்கு ஊசி போடாமல் இருப்பது பெரிய தவறு.

1. வெறிநோய் ஊசி. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அதன்பின் ஆண்டுதோறும் ஒன்று. வளர்ந்த நாயை எடுத்தால், முன்பு போட்டதற்குச் சான்று இல்லாதவரை போடவில்லை என்றே கொள்ளுங்கள்.

2. கூட்டு ஊசி. டிஸ்டம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கானது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை போடுவார்கள். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியே மனிதருக்கும் வரும். வாய்க்கால் தண்ணீரில் கால் வைக்கும் தோப்புக்காரர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

3. குடற்புழு மருந்து. வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எடைக்குத் தக்க அளவை மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

4. பஞ்சாயத்து லைசென்ஸ். கேரளத்தில் பன்றி, நாய் வளர்ப்புக்கான லைசென்ஸ் விதிகள் 1998 முதல் இருக்கின்றன. 2021இல் திருவனந்தபுரம் அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற நாய் அடித்துக் கொல்லப்பட்டதை உயர் நீதிமன்றம் தானே வழக்காக எடுத்துக்கொண்டது. வளர்ப்பு நாய்களுக்கு லைசென்ஸ் எடுப்பதை உள்ளாட்சி அமைப்புகள் உறுதி செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. வெறிநோய் ஊசிச் சான்றோடு பஞ்சாயத்து அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

5. சான்றைச் சரிபாருங்கள். இந்த ஊரில் பலர் ஊசிக்குப் பொள்ளாச்சி போகிறார்கள். எங்கே போட்டாலும் சான்றில் மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண், ஊசி மருந்தின் பேட்ச் எண், போட்ட தேதி எல்லாம் இருக்க வேண்டும்.

குறிப்பு: ஊசி அட்டை, லைசென்ஸ், மருந்துச் சீட்டு மூன்றையும் ஒரே உறையில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே வையுங்கள். இருவருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

## ஒரு நாளின் ஒழுங்கு

ஓய்வு பெற்றவர்களுக்குக் கடிகாரம் தளர்ந்துபோகும். நாய்க்கு அது தளராது. தினமும் ஒரே நேரத்தில் உணவும் நடையும் கிடைத்தால் நாய் அமைதியாக இருக்கும். அந்த ஒழுங்கு உங்களுக்கும் நல்லது. மாத்திரை, தூக்கம், சாப்பாடு எல்லாம் அதையொட்டி நேரத்துக்கு வந்துவிடும்.

1. காலை 5:45. எழுந்ததும் வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைத் திறங்கள். இருட்டில் படி இறங்காதீர்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்கப் போகாமல் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுப் போகட்டும்.
2. 6:00 முதல் 6:30 வரை. நடை. ஒருவர் கயிறு பிடிக்க, மற்றவர் கூட வரலாம். வாரத்தில் பாதி நாள் கயிறு கைமாற வேண்டும்.
3. 7:15. நாய்க்கு முதல் உணவு. நடை முடிந்து அரை மணி நேரமாவது போன பிறகு. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள்.
4. 8:00. உடம்பைத் தடவிப் பார்த்தல். காது, கால்விரல் இடுக்கு, அக்குள், வால் அடி என்று ஐந்து நிமிடம். உண்ணி, காயம், வீக்கம் எல்லாம் அன்றன்றே தெரியும்.
5. 11:00 முதல் 4:30 வரை. நாய் நிழலிலோ வீட்டுக்குள்ளோ இருக்கட்டும். உங்கள் மதியத் தூக்கமும் அதன் தூக்கமும் ஒன்றாகவே நடக்கும்.
6. மாலை 6:00. குறுநடை. கோடையில் 6:30க்கு மேல்.
7. 7:15. இரண்டாவது உணவு.
8. 9:30. படுக்கப் போகும் முன் ஒருமுறை சிறுநீர் கழிக்க வெளியே விடுங்கள். டார்ச் அடித்து வாசலைப் பார்த்த பிறகே நாயை இறக்குங்கள்.

பலர் செய்யும் தவறு: பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டி, இரவில் அவிழ்த்துவிடுவது. இப்படி வளரும் நாய் பகலில் ஆளைக் கண்டால் எரிச்சலடையும். இரவில் ரோட்டில் அடிபடும். எந்நேரமும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. வாசலைச் சுற்றி வலைக் கம்பி அடித்து, அதற்குள் அவிழ்த்துவிடுங்கள்.

## விழாமல் நடப்பது

நாய் வளர்க்கும் முதியவர்களை நாய்க்கடி மட்டுமல்ல, கீழே விழுவதும் படுக்கவைத்துவிடும். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் கயிற்றில் நாயை நடத்தும்போது எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வந்தது 2004க்கும் 2017க்கும் இடையில் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இடுப்பு முறிவு அதில் முக்கியமானது. நம் ஊர் மண் ரோட்டில், செருப்புக் காலில், இன்னும் கவனம் வேண்டும்.

1. கயிறு. நாலிலிருந்து ஆறு அடி நீளமுள்ள தட்டையான நைலான் வார் வாங்குங்கள். பட்டனை அழுத்தினால் நீளும் வகை வேண்டாம். நாய் ஓடிய வேகத்தில் கயிறு முடிந்து உங்களைச் சுண்டி இழுத்துவிடும்.
2. பட்டை. இழுக்கும் நாய்க்குக் கழுத்துப் பட்டையைவிட மார்பில் மாட்டும் ஹார்னஸ் நல்லது. முன் மார்பில் வளையம் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். நாய் இழுத்தால் அது தானே பக்கவாட்டில் திரும்பிவிடும்.
3. பிடி. கயிற்றின் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, கையை மூடிப் பிடியுங்கள். மணிக்கட்டில் சுற்றாதீர்கள். மற்ற விரல்களில் சுற்றவோ இடுப்பில் கட்டவோ வேண்டாம். தாங்க முடியாமல் போனால் கயிற்றை விட்டுவிடக் கூடிய பிடியே பாதுகாப்பான பிடி. நாயைத் திரும்பப் பிடித்துவிடலாம்.
4. செருப்பு. பின்பட்டை உள்ள செருப்பு அல்லது ஷூ. ஹவாய்ச் செருப்போடு நாயை நடத்தாதீர்கள்.
5. பாதை. பொள்ளாச்சி போகும் ரோட்டில் தேங்காய் லாரியும் டிப்பரும் அதிகாலையிலேயே ஓடும். ரோட்டை விட்டு வாய்க்கால் கரை, தோப்பு வழி, கோவில் மைதானம் என்று தேர்ந்துகொள்ளுங்கள். ரோட்டில் நடந்தே ஆக வேண்டுமானால் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடங்கள். நாய் உங்களுக்கும் ரோட்டோரத்துக்கும் நடுவில் வரட்டும்.
6. கையில் இருக்க வேண்டியவை. கைபேசி, டார்ச், ஒரு கைத்தடி.

தெரு நாய்கள் சூழ்ந்தால்: ஓடாதீர்கள். உங்கள் நாயைத் தூக்காதீர்கள். கீழே உள்ளவை உங்கள் மேல் பாயும். கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, தடியைத் தரையில் ஊன்றி, அவற்றின் கண்ணை முறைக்காமல் பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். நாய்கள் சண்டை போட்டால் நடுவில் கையை விடாதீர்கள். ஒரு குடம் தண்ணீரை ஊற்றுங்கள்.

## சாப்பாடு

நம் வீட்டில் மிஞ்சிய சாம்பார் சாதத்தையே பெரும்பாலும் நாய்க்கு வைக்கிறோம். அதில் வெங்காயம், பூண்டு, உப்பு, மிளகாய், புளி எல்லாம் இருக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குக் காரணம் என்று சந்தேகிக்கப்படும் டார்டாரிக் அமிலம் புளியிலும் மிகுதி. ஆகவே நாய்ச் சோற்றை நம் குழம்பு தாளிப்பதற்கு முன்பே தனியாக எடுத்துவிட வேண்டும்.

நாய்ச் சோறு தயாரிக்கும் முறை:

1. அரிசியோ கேழ்வரகோ, இரண்டும் கலந்தோ குழைய வேகவையுங்கள். உப்பு வேண்டாம்.
2. அதில் பாதி அளவுக்காவது கோழிக்கறி, மீன், முட்டை இவற்றில் ஒன்று சேருங்கள். மீனின் முள்ளை எடுத்துவிடுங்கள்.
3. கேரட், பூசணி, பீன்ஸ் என்று ஏதாவது ஒரு காயை வேகவைத்து மசித்துக் கலக்குங்கள்.
4. ஆறவைத்து, நாளுக்கு இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். இருபது நிமிடத்தில் சாப்பிடாததை எடுத்துவிடுங்கள். எறும்பும் பெருச்சாளியும் வராது, பெருச்சாளியைத் தேடிப் பாம்பும் வராது.
5. மாதம் ஒருமுறை விலாவைத் தடவுங்கள். எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட்டால் அளவு சரி. கைக்கே தட்டுப்படாவிட்டால் சோற்றைக் குறையுங்கள்.

வீட்டுச் சாப்பாடு மட்டுமே தருவதானால் சுண்ணாம்புச் சத்து போதாமல் போகலாம். வருடாந்திர ஊசிக்குப் போகும்போது மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

கொடுக்கவே கூடாதவை: வேகவைத்த கோழி எலும்பு, சாக்லேட், திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் போட்ட இனிப்பு. இந்தக் கடைசிப் பொருள், சர்க்கரை நோய்க்காரர்களுக்கென்று விற்கும் சில மிட்டாயிலும் சூயிங்கத்திலும் உண்டு. பொட்டலத்தில் படித்துப் பாருங்கள்.

## உங்கள் மாத்திரை டப்பா

ஓய்வு பெற்ற தம்பதி வீட்டில் நாய்க்கு இருக்கும் தனி ஆபத்து இதுதான். ரத்த அழுத்தம், சர்க்கரை, வலி என்று டப்பா நிறைய மாத்திரை இருக்கும். கைநடுக்கத்தில் ஒன்று தவறி விழும். உருண்டு போவதை நாய் ஒரே வாயில் விழுங்கிவிடும்.

1. மாத்திரையை மேசைமேல் தட்டு வைத்து, அதற்குள்தான் பிரித்தெடுக்க வேண்டும்.
2. அந்த ஐந்து நிமிடம் நாய் அந்த அறையில் இருக்கக் கூடாது.
3. டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். தலையணை அடியிலும் ஜன்னல் மேட்டிலும் வேண்டாம்.
4. நாய்க்குக் காய்ச்சல் என்று உங்கள் பாராசிட்டமாலைப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபனும் அப்படித்தான். இரண்டும் நாய்க்கு விஷமாகலாம்.
5. விழுங்கிவிட்டது தெரிந்தால், அட்டையையே எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

## வெயில்

மழை மறைவுப் பகுதி இது. தென்மேற்குப் பருவமழை மேற்கே கொட்டித் தீர்க்கும்போது நமக்குத் தூறலோடு நின்றுவிடும். பாலக்காட்டுக் கணவாயின் கோடைக் காற்று அனல். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டுக்கு வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கையே கொடுத்தது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பு முழுக்க வியர்க்காது. இரைத்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும்.

1. பிப்ரவரி முதல் மே வரை காலை நடையை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.
2. புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வையுங்கள். உங்களால் வைக்க முடியாத சூட்டில் நாயின் பாதமும் வெந்துபோகும்.
3. கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் வேண்டும். 15 கிலோ நாய்க்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். கோடையில் இன்னும் கூடும். மண் சட்டியில், இரண்டு இடத்தில் வையுங்கள்.
4. தகர ஷெட்டில் நாயைக் கட்டாதீர்கள். ஓலை வேய்ந்த நிழலே மேல்.

வெப்பத்தாக்கு அறிகுறி: நிற்காத இரைப்பு, கெட்டியான எச்சில், ரத்தச் சிவப்பான ஈறு, தள்ளாட்டம், வாந்தி. நாயின் இயல்பான சூடு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. முதலில் குளிரவையுங்கள், பிறகு கொண்டுபோங்கள். நிழலுக்கு மாற்றி, குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறியைத் திருப்பிவிடுங்கள். போகும் வழியிலும் காற்று படட்டும். ஈரத் துணியைப் போட்டு மூடினால் சூடு உள்ளேயே தங்கிவிடும், மூடாதீர்கள்.

## தோப்பில் காத்திருக்கும் ஆபத்துகள்

தென்னை மரத்தடி. காயும் மட்டையும் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. நாயை மரத்தில் கட்டாதீர்கள். நீங்களும் கட்டில் போட்டுப் படுக்காதீர்கள். வேம்போ புளியமரமோ பார்த்து நிழல் தேடுங்கள்.

கள். கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போவது சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான். இறக்கும் இடத்தில் சிந்திய கள்ளை நாய் நக்கும். கொஞ்சமும் அதற்கு ஆகாது. கள் இறக்கும் நேரத்தில் நாயை வீட்டில் வையுங்கள்.

எலி மருந்தும் பூச்சி மருந்தும். குருணை மருந்து போட்ட குழி, மருந்து அடித்த அன்றைய வரப்பு, மருந்து கழுவிய பக்கெட் எதன் அருகிலும் நாய் போகக் கூடாது. குத்தகைக்காரரிடம் மருந்து போடும் நாளை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.

பன்றிக் கம்பி. காட்டுப்பன்றிக்காகச் சிலர் சட்டத்துக்குப் புறம்பாகக் கம்பியில் மின்சாரம் விடுகிறார்கள். 2022இல் பாலக்காடு முட்டிக்குளங்கரையில் அப்படிப்பட்ட கம்பியில் பட்டுக் காவலர்கள் இருவர் இறந்தார்கள். இருட்டில் அடுத்தவர் தோப்புக்குள் நாயைத் தேடிப் போகாதீர்கள். நாய் கம்பியில் மாட்டிக் கிடந்தால் தொடாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்த பிறகே கிட்டப் போங்கள்.

பாம்பு. நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் நான்கும் தோப்பில் உண்டு. நாயைப் பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், நடக்கவிடாமல் தூக்கி வண்டியில் ஏற்றுங்கள். விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். கடித்த பிறகு தேடினால் நேரம் போய்விடும். பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ நிற்காதீர்கள்.

உண்ணி. கையுறை போட்டு, சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள், சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குத் தேய்ப்பதும் வேண்டாம். சோர்வு, சாப்பாடு மறுப்பு, ஈறு வெளுப்பு மூன்றும் சேர்ந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அவசரத்துக்கு: நடமாடும் கால்நடை ஆம்புலன்சை அழைக்கும் எண் 1962. நாம் இருப்பது எல்லை ஊர். பேசத் தொடங்கியதும் முதலில் கேரளம், பாலக்காடு மாவட்டம், ஊர்ப் பெயர் என்று சொல்லிவிடுங்கள்.

## கடி பட்டால்

சொந்த நாயோ தெரு நாயோ, ஊசி போட்டதோ போடாததோ, முறை ஒன்றுதான்.

1. குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள்.
2. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காபித் தூள் எதையும் அப்பாதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள்.
3. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையில் அன்று, 3, 7, 28ஆம் நாள் என்று நான்கு முறை ஊசி.
4. ரத்தம் வந்திருந்தாலோ, எச்சில் கண், வாய், திறந்த புண்ணில் பட்டிருந்தாலோ காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். நீங்களே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.
5. கடித்த நாயைக் கொல்லாமல் பத்து நாள் கவனியுங்கள். ஆனால் அந்தப் பத்து நாளுக்காக உங்கள் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதியவர்கள் "சின்னக் கீறல்தானே" என்று மறைப்பதுண்டு. வெறிநோய் வெளிப்பட்ட பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை. தயவுசெய்து மறைக்காதீர்கள்.

## வெடிச் சத்தம்

எல்லை ஊர் நாய்க்கு வருடத்தில் இருமுறை சோதனை: தீபாவளியும் விஷுவும். சித்தூர் கொங்கன்படை, நெம்மாறை வேலா என்று சுற்றுவட்டாரத் திருவிழா வெடிகள் வேறு. பயந்த நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு மைல் கணக்கில் ஓடும்.

1. அன்று மாலை நடையை வெடி தொடங்கும் முன்பே முடித்து, உணவையும் முன்னதாகக் கொடுங்கள்.
2. சாலையிலிருந்து தள்ளியுள்ள அறையில், ஜன்னலை மூடி, விசிறியையும் டிவியையும் போட்டு வையுங்கள்.
3. கட்டில் அடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். ஒருவர் அருகில் உட்கார்ந்திருந்தால் போதும்.
4. கழுத்துப் பட்டையில் கைபேசி எண் பொறித்த தகடு இருக்கட்டும். இருவர் எண்ணும் வேண்டும்.

## மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதித் தமிழர்களுக்கு வெயில் சிக்கல் இல்லை. வேறு இரண்டு உண்டு. சிறுத்தைக்கு நாய் எளிய இரை. இருட்டியபின் நாயை வெளியே கட்டுவது அதைச் சாகக் கொடுப்பதற்குச் சமம். வீட்டுக்குள் படுக்க வையுங்கள். மழைக்காலத்தில் நடை முடிந்ததும் விரலிடுக்கிலும் மூக்கிலும் அட்டை இருக்கிறதா பாருங்கள். மூக்கில் ஏறிய அட்டையை நீங்களே எடுக்க முயலாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

## பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது

1. ரயிலில் நாயை உங்களோடு கூட்டிப்போக, முதல் வகுப்பில் ஒரு கூபே முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் கார்டு வேனில் உள்ள கூண்டில் போகும். கோடையில் அந்தக் கூண்டு வேண்டாம்.
2. விட்டுப் போவதானால், நாய்க்கு ஏற்கெனவே பழகிய ஆள் உங்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பதே நல்லது. தோப்புக் காவல்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ, போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவர் கையால் சோறு வைக்கட்டும்.
3. உணவு அளவு, மருந்து, மருத்துவர் எண், பிள்ளைகளின் எண் எல்லாம் ஒரே தாளில். அவருக்கு மலையாளம் வாசிக்கத்தான் வரும் என்றால் மலையாளத்தில் எழுதுங்கள்.
4. செலவுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போங்கள். பணத்துக்குத் தயங்கிச் சிகிச்சை தாமதமாகக் கூடாது.

## ஒருவர் மட்டும் இருக்கும் நாளுக்காக

பேசத் தயங்கும் விஷயம். ஆனாலும் பேசியாக வேண்டும். உங்களில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கலாம், அல்லது இல்லாமலே போகலாம். அந்த நாளில் மீதமிருப்பவருக்கு நாய் பெரும் துணை. காலையில் எழவும், கதவைத் திறக்கவும், நாலு பேர் முகம் பார்க்க வெளியே நடக்கவும் அது ஒரு காரணம் தரும். அந்தத் துணை சுமையாகிவிடாமல் இருக்க இப்போதே செய்ய வேண்டியவை:

1. மாதத்தில் ஒரு நாள், ஒருவரே நாயின் எல்லா வேலைகளையும் செய்யட்டும். மற்றவர் உதவக் கூடாது. அடுத்த மாதம் மாறிக்கொள்ளுங்கள்.
2. எங்கே தடுமாறினீர்கள் என்று அன்று இரவே பேசுங்கள். ஹார்னஸ் மாட்ட வரவில்லையா, ஆட்டோக்காரர் எண் தெரியவில்லையா, அதைச் சரிசெய்யுங்கள்.
3. நாயை ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கும் ஒருவரை, இருவராலும் முடியாத நாளுக்காக, இப்போதே கேட்டு வையுங்கள். "பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று நீங்களாகவே நினைத்துக்கொள்ளாதீர்கள்; அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு முடியாமல் போகலாம். வாய்விட்டுக் கேளுங்கள்.
4. சம்மதித்தவர் மாதம் ஒருமுறையாவது வந்து நாயோடு பழகட்டும்.

## இந்த வாரமே செய்து முடிக்க

- ஊசி அட்டையை எடுத்து அடுத்த தேதியைக் காலண்டரில் குறிப்பது.
- லைசென்ஸ் இல்லையென்றால் பஞ்சாயத்து அலுவலகம் போவது.
- கயிற்றையும் செருப்பையும் மாற்றுவது. இருவரும் பிடிமுறையைப் பழகுவது.
- மாத்திரை டப்பாவை அலமாரிக்கு மாற்றுவது.
- 1962, கால்நடை மருத்துவர், ஆட்டோக்காரர் ஆகிய மூன்று எண்களையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது. கண்ணாடி இல்லாமலும் படிக்க வர வேண்டும்.
- நாயை ஏற்றுக்கொள்ளப் போகிறவரிடம் பேசி, அவர் பெயரையும் அந்தத் தாளிலேயே எழுதுவது.

ஆறில் மூன்றை ஒருவரும், மூன்றை மற்றவரும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் பட்டியலை மாற்றிக்கொண்டு, மற்றவர் செய்ததைச் சரிபாருங்கள்.